கோட்டைக்குப் போன சாக்கடை

சேலத்துக்குப் பக்கத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு சாக்கடை அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். ஐப்பசி மழை, சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர், நாலு பிளாஸ்டிக் பை, யாரோ ராத்திரியில் கொட்டிவிட்டுப் போன கட்டட மண். இதற்கு மேல் மர்மம் ஒன்றும் கிடையாது. ரெண்டு ஆள், ஒரு மண்வெட்டி, அரை நாள் கூலி. ஆனால் இதை அள்ளச் சொல்ல ஊருக்குள் ஆள் இல்லை. கோரிமேடு தாண்டினால் வந்துவிடுகிற ஊர். அதன் சாக்கடை மட்டும் 340 கிலோமீட்டர் பயணம் செய்து செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குப் போக வேண்டும்.

பயணம் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் தொடங்குகிறது. பெரியவர் ஒருவர் மனுவை நீட்டுகிறார். "செஞ்சிரலாங்கய்யா" என்கிறார் எம்.எல்.ஏ. பொய் சொல்கிறார் என்று சொல்ல மாட்டேன். காதுகுத்துக்கும் எழவுக்கும் வந்து தலைகாட்டுகிற மனிதர், அடுத்த தேர்தலுக்கும் இதே தெருவுக்கு வர வேண்டியவர். அவருக்கு எண்ணம் உண்டு. அதிகாரம்தான் இல்லை. அதனால் மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சென்னைக்கு வண்டி ஏறுகிறார்.

மானியக் கோரிக்கை விவாதம். அவருக்குப் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். தன்னை ஆளாக்கிய தலைவரை வணங்கி, தலைவரின் தலைவரை வணங்கி, வாய்ப்பளித்த கொறடாவை வணங்கி முடிக்கும்போது பாதி நேரம் போய்விடும். மீதியில் எதிர்த்தரப்பின் ஆட்சியில் என்ன நடந்தது என்று பேச, அவர்கள் எழ, இவர்கள் எழ, பேரவைத் தலைவர் சில வார்த்தைகளை அவைக்குறிப்பிலிருந்து நீக்க, மணி அடிக்கும். அப்போதுதான் தொகுதி ஞாபகம் வருகிறது. பாலம், பள்ளிக்கூடம், சுடுகாட்டுப் பாதை, பகுதிநேர ரேசன் கடை, மேல்நிலைத் தொட்டி, சாக்கடை எல்லாம் ஒரே மூச்சில், முற்றுப்புள்ளி இல்லாமல். அமைச்சர் எழுந்து, நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும் என்பார். மேசை தட்டப்படும். மறுநாள் ஃபிளெக்ஸ் பேனர்: 'சட்டமன்றத்தில் நமக்காகக் கர்ஜித்த நாயகன்'. பேனர் கட்டிய கம்பம் அதே சாக்கடை ஓரத்தில்தான் நிற்கும்.

2021 தேர்தலில் சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் ஒன்றே ஒன்றுதான் ஆட்சிக்கு வந்த தி.மு.க.வுக்குப் போனது. மீதிப் பத்தும் எதிர்வரிசை. எதிர்வரிசைச் சாக்கடைக்குக் கோட்டையில் தனி மரியாதை உண்டு: உங்கள் ஆட்சியில் ஏன் செய்யவில்லை? நியாயமான கேள்விதான். சேலத்துக்காரரே முதலமைச்சராக இருந்தார். ஐந்து ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலம் வந்தது, 2020 ஜூனில் திறந்தார். ஆனால் ஊராட்சி மன்றங்கள் 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரை ஆளில்லாமல் கிடந்தன. மூன்று வருடத்துக்கு மேல். மேலே ரெண்டு அடுக்கில் கார் போகிற பாலத்துக்கு அவசரம் இருந்தது. கீழே ஒரு ஊர் தன் தலைவரைத் தேர்ந்தெடுக்க மட்டும் அவசரம் இல்லை.

அந்த மூன்று வருடமும் உள்ளாட்சித் தேர்தலை நடத்து என்று தொண்டை வறளக் கத்தியவர்கள் யார்? தி.மு.க. 2019 ஜனவரியில் ஊர் ஊராக ஊராட்சி சபைக் கூட்டம் போட்டார்கள். ஜமக்காளம் விரித்து, தலைவர் நடுவில் உட்கார்ந்து, பெண்களிடம் மைக்கைக் கொடுத்து, தண்ணீர்ப் பிரச்சினையைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். 2020 டிசம்பரில் மறுபடியும், மக்கள் கிராம சபை என்ற பெயரில். கிராமத்தின் மேல் அவ்வளவு காதல். கல்யாணம் முடிந்து ஆட்சிக்கு வந்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

2025 ஜனவரி 5. சேலம் உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சி மன்றங்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிந்தது. காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடித்திருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-இ பிரிவு சொல்கிறது. ஐந்து வருடம் கழித்து யோசிக்கலாம் என்று சொல்லவில்லை. மறுநாள், ஜனவரி 6, சட்டமன்றம் கூடியது. நாடு முழுக்கப் பார்த்தது. எதைப் பார்த்தது? தேசிய கீதம் முதலில் பாடவில்லை என்று ஆளுநர் சில நிமிடங்களில் எழுந்து போனதை. எதிர்க்கட்சி 'யார் அந்த சார்?' என்று பேட்ஜ் குத்தி வந்ததை. அண்ணா பல்கலைக்கழகத்து மாணவிக்கு நடந்த கொடுமைக்காகக் குத்திய பேட்ஜ் அது, கேட்க வேண்டிய கேள்விதான். அன்று மாலை ஒவ்வொரு டிவியிலும் நாலு பேர் உட்கார்ந்து கீதத்தின் வரிசையைப் பற்றிக் கத்தினார்கள். முந்தின நாள் ஆயிரக்கணக்கான ஊராட்சித் தலைவர்கள் ஒரே நேரத்தில் முன்னாள் ஆனதைப் பற்றி எவரும் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை. அதே கூட்டத்தொடரில் ஊராட்சிகள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது: தலைவர் நாற்காலியில் தனி அலுவலர் உட்காருவார். குரல் வாக்கெடுப்பு, ஆம் என்போர் அதிகம், நிறைவேறியது. தேர்தல் எங்கே என்றால் வார்டு மறுவரையறை என்றார்கள், நகரத்தோடு இணைப்பு என்றார்கள். அந்த வருடம் முழுக்கத் தேர்தல் வரவில்லை.

தனி அலுவலர் என்பவர் வட்டார வளர்ச்சி அலுவலர். நல்லவராகக்கூட இருப்பார். ஆனால் அவருக்கு ஒரு ஊர் இல்லை, ஒரு ஒன்றியமே இருக்கிறது. அவர் தெருவில் நடந்து போகையில் "என்னங்க பிரசிடெண்டு, சாக்கடை நாறுது, ஓட்டுக் கேட்டு வருவீங்கள்ல" என்று ஒரு கிழவி கூப்பிட்டுக் கேட்க முடியாது. அவர் ஓட்டுக் கேட்டு வரவே மாட்டார். அவருக்குப் பயம் கலெக்டரிடம், கிழவியிடம் இல்லை. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத ஊராட்சிக்கு 15-ஆவது நிதிக்குழுவின் மானியமும் கிடைக்காமல் போனது. நாற்காலியும் போச்சு, காசும் போச்சு. டெல்லி எங்கள் நிதியைத் தடுக்கிறது, எங்கள் உரிமையைப் பறிக்கிறது என்று கோட்டையில் முழங்குகிறவர்களின் குரல் எனக்குப் பிடிக்கும், நானும் கைதட்டியிருக்கிறேன். அதே குரல் சேலம் பக்கமாகத் திரும்பும்போது மட்டும் எப்படி இவ்வளவு டெல்லித்தனமாக ஆகிவிடுகிறது?

இதையெல்லாம் விடச் சிரிப்பு ஒன்று உண்டு. 2022-இல் தி.மு.க. முதலமைச்சர் சட்டமன்றத்தின் 110-ஆவது விதியின் கீழ் ஓர் அறிவிப்பு செய்தார். அந்த விதியில் அறிவித்தால் யாரும் விவாதிக்க முடியாது. எல்லாக் கட்சி முதல்வர்களுக்கும் செல்லமான விதி. இனி நவம்பர் 1 உள்ளாட்சி நாள், அன்றும் கிராம சபை கூடும் என்றார். 2025 நவம்பர் 1-ஆம் தேதியும் தினசரிக் காலண்டரில் வந்தது. உள்ளாட்சிக்கு நாள் இருந்தது. 28 மாவட்டங்களின் கிராமங்களில் உள்ளாட்சிதான் இல்லை.

அதே 2022-இல், ஆகஸ்டில், 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் முதலமைச்சரின் கடிதம் போனது. 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டம். தொகுதியில் நீண்ட நாளாகத் தீராத பத்துக் கோரிக்கைகளை எழுதிப் பதினைந்து நாளில் கலெக்டரிடம் கொடுங்கள் என்றது. எதிர்க்கட்சிக்காரர்களுக்கும் அனுப்பினார், அந்தப் பெருந்தன்மையைக் குறை சொல்லவில்லை. ஆனால் பாருங்கள்: சட்டம் இயற்றத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், மாதம் 1.05 லட்சம் வாங்குகிறவர், பத்தே பத்து வரம் கேட்டு மாவட்ட ஆட்சியரின் அறை வாசலில் நிற்கிறார். பெரிய ஊர்களின் பாலமும் கல்லூரியும் பத்தை நிரப்பிவிடும். கொண்டப்பநாயக்கன்பட்டிச் சாக்கடை எந்தக் காலத்திலும் பதினொன்றாவதுதான்.

சட்டம் செய்ய வேண்டியவர் சாக்கடை கேட்கிறார், சாக்கடை அள்ள வேண்டியவரின் நாற்காலியைச் சட்டம் போட்டுத் தூக்கிவிட்டார்கள். சாக்கடை ஊரில் தீர்ந்துவிட்டால் கோட்டையில் கேட்க என்ன இருக்கும், பேனரில் எதற்காகக் கர்ஜிப்பது? ஆண்டுக்கு நூறு நாள் சபையைக் கூட்டுவோம் என்று 2021-இல் வாக்குறுதி கொடுத்தார்கள். எந்த வருடமும் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. கூடுகிற கொஞ்ச நாளிலும் மசோதாக்கள் கடைசி நாட்களில் ரயில்பெட்டி மாதிரி வரிசையாக ஓடிவிடுகின்றன. நின்று பார்க்க நேரம் கிடையாது, எல்லோரும் தொகுதிக் கோரிக்கை படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த முறை எம்.எல்.ஏ. வாசலுக்குப் போகும் பெரியவர் சாக்கடை மனுவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். ஒன்றே ஒன்று கேட்டால் போதும்: "ஏனுங்கய்யா, எங்க ஊர்த் தலைவர் நாற்காலியில ஆபீசரை உட்கார வைக்கிற மசோதா வந்துச்சே, அன்னைக்கு நீங்க ஆம்னு சொன்னீங்களா, இல்லைன்னு சொன்னீங்களா? இல்ல, வெளிநடப்புப் பண்ணிட்டு லாபியில டீ குடிச்சிட்டு இருந்தீங்களா?"