கோடு போட்டது யார்?

கேள்வி: பெரு நாட்டுப் பாலைவனத்தில் உள்ள நாஸ்கா கோடுகளை வேற்றுக்கிரகவாசிகள்தான் வரைந்தார்களாமே? ஆகாயத்திலிருந்து பார்த்தால்தான் உருவமே தெரியுமாமே?
- வாசகர், தேனாம்பேட்டை

பதில்: அவ்வளவு தூரம் விண்கலத்தில் வந்தவர்கள், இறங்கி வெயிலில் கல் பொறுக்கினார்கள் என்கிறீர்களா? 1968-ல் எரிக் வான் டேனிகன் எழுதிய புத்தகம் பரப்பிய சரடு இது. புத்தகம் அமோகமாக விற்றது!

வேலை இவ்வளவுதான்: மேலே கிடக்கும் கருஞ்சிவப்புக் கற்களை ஒதுக்கினால், அடியில் வெளிறிய மண். முளைக்குச்சி, கயிறு, ஆள்பலம் போதும். பக்கத்துக் குன்றில் ஏறினாலே சில உருவங்கள் தெரியும். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் இதைச் செய்த நாஸ்கா மக்கள், பூமிக்கடியில் வாய்க்கால் வெட்டிப் பாலைவனத்தில் விவசாயம் பார்த்த கெட்டிக்காரர்கள். தரையில் உள்ள பறவையும் திமிங்கிலமும் அவர்களுடைய பானைகளிலும் இருக்கின்றன. வேறென்ன சாட்சி வேண்டும்? மழை அபூர்வம் என்பதால் கோடுகள் பிழைத்தன. 2018-ல் ஒருவர் அவற்றின்மேல் லாரியை ஏற்றினார். அண்ணா சாலையில் தினமும் போகிற உங்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

நில ஓவியம் பார்க்கப் பெருவுக்கு டிக்கெட் போடவும் வேண்டாம். மகாராஷ்டிரத்தின் ரத்னகிரிக்கு ரயில் ஏறுங்கள். அங்கே செம்பாறைத் தரையில் கொத்திய காஷேளி கிராமத்து யானை சுமார் 18 மீட்டர் நீளம். அதன் உடம்புக்குள்ளேயே மீன்கள், விலங்குகள்! ரத்னகிரி அடங்கிய கொங்கண் பகுதியின் இந்த ஓவியங்கள் 2022-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன.

மனிதன் பார்த்த வேலைக்கு வேற்றுக்கிரகத்தான் பெயரில் கூலி எழுதாதீர்கள்!