கணக்கு மேஷ்ட்ருக்கு யாரு கணக்குப் பாக்கறது?

ஏங் கண்ணு, நூத்தி நாப்பது கோடிச் சனம் இருக்கற நாட்டுல ஒரு கணக்கு மேஷ்ட்ரு கெடைக்கலையா? மைசூருல பிசினஸ் ஸ்கூலாம். கணக்கியலுக்கு மூத்த பேராசிரியர் வேணுமாம். தேடித் தேடி ஓஞ்சு போயிட்டாங்களாம். நீ ஹனூர் பஸ்ஸை விட்டு எறங்குனதும் இதைத்தான் மொதல்ல சொல்றே, என்னமோ ஊருல மழை பெய்யலைங்கற மாதிரி.

கிழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காதே. கொள்ளேகால் மண்டியில பேரேடு எழுதிக் கை காச்சுப் போனவன் நான். பத்து எது, வரவு எதுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். அதனால அந்த விதிப் புஸ்தகத்தை எடுத்து வை. என்னதான் கேக்கறாங்கன்னு பாப்போம்.

யூ.ஜி.சி. 2018-ல போட்ட விதி. பேராசிரியர்னா பிஎச்.டி. இருக்கோணும். 10 வருசம் பாடம் நடத்தியிருக்கோணும். 10 கட்டுரை, 120 ஆராய்ச்சி மார்க்கு. மூத்த பேராசிரியர்னா அதுக்கும் மேல. பேராசிரியரா 10 வருசம், நல்ல கட்டுரையா 10, கடைசிப் பத்து வருசத்துல ரெண்டு பேரையாச்சும் பிஎச்.டி. வாங்க வெச்சிருக்கோணும். சம்பளம் மாசம் 1,82,200 ரூவாயில ஆரம்பம், படி தனி. குடுக்கட்டும் சாமி, வாத்தியாருக்குக் குடுக்கறதுல எனக்கென்ன வயித்தெரிச்சல்? ஆனா இதுல "கணக்குத் தெரியுமா?"ன்னு கேக்கற கட்டம் எது? கண்ணாடியத் தொடச்சுப் போட்டுத் தேடினேன். ஆப்படவே இல்ல.

மார்க்கு எப்பிடி வருதுன்னு பாத்தியா? கட்டுரைக்கு 10. புஸ்தகம் நம்ம நாட்டுக் கம்பெனி போட்டா 10, வெளிநாட்டுக் கம்பெனி போட்டா 12. அழைப்பு வந்து பேசுனா அதுக்கும் மார்க்கு உண்டு. வெளிநாட்டுக்குப் போய்ப் பேசுனா 7. நம்ம நாட்டுலயே உலகக் கருத்தரங்குன்னு பேரு வெச்சா 5. தேசியம்னா 3. மாநிலம்னா 2. பேச்சு அதேதான். ஆளும் அதே ஆளுதான். ஏரோப்ளேன் ஏறுனா எடை கூடிப்போகுது, அவ்வளவுதான்.

இன்னும் ஒண்ணு இருக்கு. அதைப் படிச்சுப்போட்டு ராத்திரி நெனைச்சு நெனைச்சுச் சிரிச்சேன். ரெண்டு பேரு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதுனா ஆளுக்கு 70 சதவீத மார்க்காம். நானும் பங்காளியும் கூட்டாச் சேந்து மாதேஸ்வரன் மலைப் புளியை வாங்கி வித்தோம்னு வெச்சுக்கோ. லாபம் நூறு ரூவா. அவனுக்கு எழுவது, எனக்கு எழுவது. பாக்கி நாப்பது ரூவா யாரு ஊட்டு அட்டாலியில இருந்து எறங்குச்சு? ரெண்டு பேருக்கு மேல போனா இன்னும் கூத்து. மொத ஆளுக்கு 70, மத்தவங்களுக்குத் தலைக்கு 30. பத்து மார்க்குக் கட்டுரையில பத்துப் பேரு பேரைப் போட்டா வெளிய போறது 34 மார்க்கு! இந்தக் கணக்கை வெச்சுத்தான் கணக்கு மேஷ்ட்ரை எடை போடறாங்க. மண்டியில இப்பிடி எழுதியிருந்தா என் மொதலாளி அன்னிக்குப் பொழுதோட என்னைத் தாட்டி விட்டிருப்பாரு.

சரி, அந்தக் காலத்துல எப்பிடி எடுத்தாங்க? மைசூர் யூனிவர்சிட்டி 1916-ல ஆரம்பிச்சுது, நாலாங் கிருஷ்ணராஜ உடையார் காலத்துல. 1918-ல மகாராஜா காலேஜுக்குத் தத்துவம் சொல்லிக்குடுக்க ஒரு ஆளைக் கூட்டியாந்தாங்க. முப்பதை ஒட்டுன வயசு. மெட்ராஸ் எம்.ஏ. பிஎச்.டி. கெடையாது. அவரு பேரு ராதாகிருஷ்ணன். மூணு வருசம் கழிச்சுக் கல்கத்தாவுக்குப் போறப்ப, பசங்க குதிரைய அவுத்து விட்டுப்போட்டு வண்டியத் தாங்களே இழுத்துட்டுப் போய் ரயிலேத்துனாங்கன்னு மைசூருல இன்னிக்கும் சொல்லுவாங்க. வண்டி இழுக்க எத்தனை மார்க்குன்னு உன் அட்டவணையில பாத்துச் சொல்லு.

அதுக்காக பட்டமே வேண்டாம்னு சொல்ல வரல. ஆயிரத்துல ஒருத்தரு ராதாகிருஷ்ணன். மிச்சப் பேரு படிக்கத்தான் வேணும். ஆனா படிச்சது எதுன்னு பாக்க வேண்டாமா? சி.ஏ.க்காரனை எடுத்துக்கோ. எத்தனை தடவை முட்டி மோதி அந்தப் பரீட்சைய எழுதறாங்க! நாட்டுல கம்பெனிக் கணக்குக்கெல்லாம் அவங்கதான் கையெழுத்துப் போடோணும். அவங்க சங்கம் 1949-ல சட்டப்படி வந்தாச்சு. அந்தப் படிப்பு எம்.காம். மாதிரி ஒரு முதுகலைக்குச் சமம்னு யூ.ஜி.சி. ஒத்துக்கிட்டது எப்போ? 2021 மார்ச்சுல. சங்கம் வந்து எழுவத்திரண்டு வருசம் கழிச்சு. நிதானமான ஆளுக!

அடுத்த வருசம் இன்னொரு வாசலைத் தொறந்தாங்க. தொழில்ல 15 வருசம் பழம் தின்னு கொட்டை போட்டவங்க பிஎச்.டி. இல்லாமலே "நடைமுறைப் பேராசிரியர்" ஆகலாம். நல்ல காரியம். ஆனா மூணு வருசந்தான். ரொம்பக் கெஞ்சுனா இன்னும் ஒரு வருசம். ஆக, வேலை தெரிஞ்சவனுக்கு நாலு வருசம், கட்டுரை எழுதுனவனுக்கு ஓய்வு வரைக்கும். புரிஞ்சுக்கோ.

"கட்டுரை எழுதறது அவ்வளவு லேசா தாத்தா?"ங்கறே. லேசு இல்ல கண்ணு. நல்ல கட்டுரை எழுத உசுரு போகும். ஆனா எண்ணிக்கைய மட்டும் பாத்தா என்ன ஆகும்? அமெரிக்காவுல, பாஸ்டன் பக்கத்துல, பென்ட்லி யூனிவர்சிட்டியில ஜேம்ஸ் ஹன்டன்னு ஒரு கணக்கியல் பேராசிரியர். கட்டுரை மேல கட்டுரை. இந்த அட்டவணைய நீட்டியிருந்தா அத்தனை கட்டமும் நெரம்பி வழிஞ்சிருக்கும். 2010-ல அக்கவுண்டிங் ரிவ்யூன்னு பெரிய பத்திரிகையில கூட்டா ஒண்ணு எழுதுனாரு. கம்பெனிக்காரன் பண்ற மோசடியத் தணிக்கைக்காரங்க எப்பிடிக் கூடி உக்காந்து ரோசிச்சுக் கண்டுபுடிக்கறாங்கங்கறது விசயம். ஒரே தணிக்கைக் கம்பெனியோட 150 ஆபீசுல சோதிச்சுப் பாத்தோம்னு அதுல எழுதியிருந்துச்சு.

படிச்சவங்கள்ல சில பேரு விரல் விட்டு எண்ணிப் பாத்தாங்க. "அமெரிக்காவுல எந்தத் தணிக்கைக் கம்பெனிக்கு அத்தனை ஆபீசு இருக்கு?"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான், ஒத்தைக் கேள்வி. 2012-ல கட்டுரைய வாபஸ் வாங்குனாங்க. அந்த வருசக் கடைசியிலயே மனுசன் வேலைய விட்டாரு. 2014-ல அவரு யூனிவர்சிட்டியே விசாரிச்சு, தரவைக் கற்பனை பண்ணியிருக்காருன்னு சொல்லிப்போட்டுது. வாபஸ் ஆன கட்டுரை முப்பதைத் தாண்டுச்சு. மோசடியக் கண்டுபுடிக்கறதைப் பத்தி மோசடியா ஒரு கட்டுரை! கணக்கன் கணக்கைத் தின்னாட்டி கணக்கனைக் கணக்குத் தின்னு போடும்னு நம்ம பக்கம் சும்மாவா சொன்னாங்க?

பெரிய நாற்காலியும் அப்பிடித்தான். 2001-ல அமெரிக்காவுல என்ரான் கம்பெனி திவாலாச்சே, அதுல தணிக்கைக் கமிட்டித் தலைவரு யாரு? ஸ்டான்ஃபோர்டு பிசினஸ் ஸ்கூல்ல கணக்கியல் பேராசிரியரா இருந்து, டீனாவும் இருந்தவரு. நம்மூரு சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வா. இயக்குநர் குழுவுல ஹார்வர்டுப் பேராசிரியர் ஒருத்தரு, ஹைதராபாத் பிசினஸ் ஸ்கூல் டீன் ஒருத்தரு. 2009 சனவரி 7-ந் தேதி கம்பெனித் தலைவரு ராமலிங்க ராஜுவே கடுதாசி எழுதிச் சொன்னாரு: புஸ்தகத்துல ரொக்கமும் பேங்கு இருப்புமா 5,361 கோடி, அதுல 5,040 கோடி இல்லவே இல்ல. பேராசிரியருங்க திருடுனாங்கன்னு நான் சொல்லல. படிச்ச படிப்புக்கும், "பணம் நெசமா பேங்குல இருக்குதா?"ன்னு நேருல போய்க் கேக்கற புத்திக்கும் நடுவுல ஒரு ஆறு ஓடுதுங்கறதைத்தான் சொல்றேன்.

ஆளெடுக்கறதுல பணம் பூந்து வெளையாடற கதை தனி. நம்ம கொள்ளேகால் தாலூகா 1956 வரைக்கும் கோயம்புத்தூர் ஜில்லாதான், அதனால அந்த ஊருச் சேதி நமக்கு ஒறம்பரை ஊட்டுச் சேதி. 2018 பிப்ரவரியில அங்கொரு துணைவேந்தரை லஞ்ச ஒழிப்புப் போலீசு புடிச்சுது. உதவிப் பேராசிரியர் ஒருத்தரோட வேலைய நிரந்தரம் பண்ண 30 லட்சம் வாங்குனாருன்னு குற்றச்சாட்டு. அதுல 1 லட்சம் ரொக்கம், 29 லட்சத்துக்குச் செக்குன்னு போலீசு சொல்லுச்சு. செக்கு கண்ணு, செக்கு! அது மட்டும் நெசம்னா, ஆதாரமில்லாம காசைத் தொடக்கூடாதுங்கற கணக்கியல் ஒழுக்கம் அந்த வளாகத்துல எந்த அளவுக்கு ஊறியிருக்குன்னு பாத்துக்கோ.

சரி, குத்தம் சொல்ல எந்தக் கிழவனாலயும் முடியும். வழி சொல்லுன்னு கேப்பே. சொல்றேன், கேட்டுக்கோ.

மொதல்ல, பத்துக் கட்டுரைய எண்ணாதே. ரெண்டை எடுத்து நெசமாப் படி. கமிட்டியில துணைவேந்தர், டீன், துறைத் தலைவர், வெளியில இருந்து வர்ற நிபுணருங்க மூணு பேருன்னு அத்தனை பேரு உக்காருறாங்க. வந்து போக வண்டிப் படி உண்டு, டீ உண்டு, முந்திரிப் பருப்பும் உண்டு. ஆளுக்கு ரெண்டு கட்டுரை படிக்க நேரமிருக்காதா?

ரெண்டாவது, ஆளைப் பி.காம். மொத வருசப் பசங்க முன்னால நிறுத்து. வகுப்பெடுக்கச் சொல்லிப் பாக்கலாம்னு விதியே எடம் குடுக்குது. ஆனா "பாக்கலாம்"னு இருந்தா நம்மாளு பாக்க மாட்டான், "பாத்தே ஆகோணும்"னு இருந்தாத்தான் பாப்பான். ஹனூர், மார்ட்டள்ளியில இருந்து போன பையன் ஒருத்தன் எந்திரிச்சுக் கேக்கட்டும்: "சார், எங்கப்பா மக்காச்சோளம் வித்தாரு. நோட்டுல நாப்பதாயிரம் லாபம். ஊட்டு டப்பாவுல முந்நூறு ரூவாதான் இருக்குது. மிச்சம் எங்க சார்?" லாபம் வேற, ரொக்கம் வேற, வித்தது கடனுக்கு, பணம் வாங்குனவன்கிட்ட நிக்குதுன்னு அந்தப் பையனுக்குப் புரியற மாதிரி அஞ்சு நிமிசத்துல சொல்லட்டும். "உலகளாவிய சூழலில்"னு ஆரம்பிச்சா அப்பவே மாலையப் போட்டு வழியனுப்பிப்போடு.

மூணாவது, தப்பா எழுதுன பேரேடு ஒண்ணைக் கையில குடு. பத்தும் வரவும் 90 ரூவா ஒதைக்குது. என்ன பண்ணுவாரு? வித்தியாசத்தை ஒம்பதால வகுத்துப் பாக்கோணும். மிச்சமில்லாம வகுபட்டா, எங்கியோ எண்ணு இடம் மாறியிருக்கலாம். 540-ஐ எவனோ 450-ன்னு எழுதியிருப்பான். மண்டியில பதினஞ்சு வயசுப் பொடியனுக்கு இது தெரியும். லட்ச ரூவாய்க்கு மேல வாங்கப் போறவருக்கும் தெரியட்டுமே!

நாலாவது, மாதேஸ்வரன் மலையில உண்டியல் எண்ணறப்ப ஒரு ஆளைத் தனியா உக்கார வெக்காம, பேங்குக்காரங்களையும் வெச்சுக்கிட்டு ஏன் கூட்டமா எண்ணறாங்கன்னு கேளு. "சாமி பணம், பக்தி"ன்னு சொன்னா வேண்டாம். எண்ணறவன் ஒருத்தன், எழுதறவன் ஒருத்தன், பூட்டறவன் ஒருத்தன்னு பிரிச்சு வெச்சாத்தான் கை சுத்தமா இருக்கும்னு ஆரம்பிச்சு, அப்பிடியே சத்யத்துல கொண்டு போய் முடிச்சாருன்னா விடாதே. அவருதான் உன் ஆளு.

அப்புறம் அவருகிட்டப் படிச்ச பழைய பசங்க நாலு பேரைக் கேளு. நீளமான சிபாரிசுக் கடுதாசிய விட, "அந்த வாத்தியாரா?"ன்னு கேக்கறப்ப அவங்க மூஞ்சி போற போக்குல வெவரம் நெறைய இருக்கும்.

இதையெல்லாம் கமிட்டிக்காரங்ககிட்டச் சொல்லத் தெகிரியம் இருந்தாச் சொல்லு. சொல்றதுக்கு முன்னால ஒரு சின்ன வேலை பண்ணு. அந்த மக்காச்சோளக் கேள்வி, 90 ரூவாக் கேள்வி, உண்டியல் கேள்வி, மூணையும் மொதல்ல அவங்களையே கேட்டுப் பாரு. பதில் வந்தாச் சரி. வரலைன்னா, ஆளெடுக்க வேண்டியது மேசைக்கு அந்தப் பக்கம் இல்ல கண்ணு, இந்தப் பக்கம்.