இரண்டு இடது

சம்பளத்துக்கு ஜெட் ஓட்டுகிறேன்; ஆசைக்குப் பறக்கும் படகு கட்டுகிறேன். முதலாவதில் இருபது வருடமாகப் பெரிய புகார் எதுவும் இல்லை. இரண்டாவதைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

சிட்னிக்குக் குடிவந்த புதிதில், ரோஸ் பே கரையில் நடந்தபோது பிடித்த பித்து இது. 1938இல் அந்தத் தண்ணீரிலிருந்துதான் ஷார்ட் எம்பயர் பறக்கும் படகுகள் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனுக்குக் கிளம்பின. நான்கு எஞ்சின். உள்ளே எழுந்து உலாவ இடம். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே ஊர் பார்க்கலாம். இரவானால் எங்காவது இறங்கி ஓட்டலில் தூக்கம். போய்ச்சேர ஒன்பது, பத்து நாள். “அதல்லவா பயணம்!” என்று கிடைத்தவர்களிடமெல்லாம் உருகுவேன். இத்தனைக்கும் ஓடுபாதைக்காக இருபது நிமிடம் வரிசையில் நின்றாலே பல்லை நறநறப்பவன் நான். படகில் ஏறினால் வாந்தி வரும். நீச்சலும் தெரியாது.

வால்மர் ஸ்போர்ட்ஸ்மன் வரைபடம் வாங்கினேன். நீரிலும் தரையிலும் இறங்கக்கூடிய, இருவர் அமரும் மர விமானம். கலிஃபோர்னியாவின் வால்மர் ஜென்சன் 1950களில் வடிவமைத்தது. தச்சு தெரிந்த யாரும் கட்டிவிடலாம் என்று நம்பினேன். எனக்குத் தச்சு தெரியாது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

முதல் கோடையில் எப்பாக்சிப் பசையை டப்பா நிறையக் கலக்கினேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கு என்று அதன் மேலேயே போட்டிருந்தது. காக்பிட்டில் செக்லிஸ்ட்டை வரிவரியாகப் படிக்கிறவன் கராஜில் அந்த நாலு வரியைப் படிக்கவில்லை. மொத்தமாக இருந்தால் பசை தன் சூட்டிலேயே கொதிக்கும். புகைந்தது. பிரஷ் உள்ளேயே கல்லாகிவிட்டது.

பறக்கும் படகின் அடியில் ஒரு ‘படி’ உண்டு. நீரோட்டம் அங்கே அறுந்து, தண்ணீரின் பிடி தளர்ந்தால்தான் மேலெழ முடியும். ஏரி கண்ணாடிபோல் கிடந்தால் அதுவும் போதாது. மோட்டார் படகை ஓடவிட்டு அலை கிளப்புவார்கள். இதை வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அரைமணி நேரம் விளக்குவேன். அந்தப் படியின் மூலையில்தான் பசை தடவ மறந்திருந்தேன். கசிவு பார்க்கத் தோட்டக் குழாயால் உள்ளே தண்ணீர் நிரப்பினேன். நிதானமாகப் படியிறங்கி வெளியே வந்தது.

ஒரு நள்ளிரவில் மனைவியிடம் கேட்டலினா பறக்கும் படகுகளைப் பற்றிச் சொன்னேன். 1943 முதல் பெர்த்திலிருந்து இலங்கையின் கொக்கல ஏரிக்கு, கிட்டத்தட்ட 30 மணி நேரம் இறங்காமல் பறந்தவை. ஏற்றியது மூன்றே பயணிகள். வானத்திலேயே இரண்டு விடியல் பார்த்ததற்குச் சான்றிதழும் கொடுத்தார்கள்.

“ஏங்க, நீங்க ஒரு விடியலுக்காவது எழுந்து குப்பைத் தொட்டியை வெளியில தள்ளி வைங்க” என்றாள்.

அவளிடம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. படகின் பக்கப் பலகைகள் இடம், வலம் என்று இரண்டு. ஒட்டுப்பலகையின் உட்புறத்தில் மரச்சட்டங்களை ஒட்ட வேண்டும்; ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக. மூன்று மாதம் அளந்து, இழைத்து, ஒட்டி முடித்து, நிமிர்த்தி எதிரெதிரே வைத்தேன். இரண்டும் இடது. வலப்பக்கம் செய்ய இன்னொரு மூன்று மாதம்.

அந்த இரண்டாவது இடது வாஷிங் மெஷினுக்குப் பின்னால் நிற்கிறது. ஸ்போர்ட்ஸ்மன் கட்டுகிறவர் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். காசு வேண்டாம். எடுத்துப்போக வண்டி மட்டும் கொண்டுவாருங்கள். அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து.