சப்பட்டைக்கு நேர்ந்த கதி

அமெரிக்காவில் கொல்லைப்புறத்தில் அடுப்பு வைத்துக் கறி சுடுவது பொழுதுபோக்கு. ராஜபாளையத்தில், எங்கள் வீட்டில், அது அம்மாவின் உத்தரவு. "பன்னிக்கறி என் அடுப்படிக்குள்ள வந்துச்சு, நான் தம்பி வீட்டுக்குப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டாள். தம்பி வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். பஸ் ஏறினால் அரை மணி நேரம். மிரட்டல் நிஜமாகிவிடக் கூடிய தூரம்தான்.

தகர டிரம்மை பட்டறையில் கொடுத்து நெடுக்கில் அறுத்தேன். கீழ்ப்பாதி அடுப்பு, மேல்பாதி மூடி, நடுவில் கம்பிவலை. கரிக்குக் கவலையே இல்லை. விருதுநகர், ராமநாதபுரம் சீமையில் மூட்டம் போட்டு எடுக்கிற சீமைக்கருவேலங்கரி இருக்கிறது. டெக்சாஸ்காரர்கள் 'மெஸ்கீட்' என்று காசு கொடுத்து வாங்கிக் கறி சுடும் விறகுக்கு இது பங்காளி முறை. அங்கே அதன் புகைக்கு அவ்வளவு மரியாதை. இங்கே 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே அதை வேரோடு பிடுங்கச் சொன்னது.

கறி, வெண்பன்றியின் முதுகுப்பகுதி. எலும்பில்லாமல் ஒரே கண்டமாகக் கேட்டேன். "துண்டு போடவே வேண்டாமா?" என்று கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நடுவே கத்தியை ஓட்டி, அடிவரை அறுக்காமல் விரித்து, உப்பு, மிளகு, நசுக்கிய பூண்டு தடவினேன். மேனாட்டார் உள்ளே ஆப்பிள் வைப்பார்கள். கொழுப்புக்குப் புளிப்பு சேர்ந்தால்தான் திகட்டாது. மாம்பழக் காலத்தில் ராஜபாளையத்துக்காரன் ஆப்பிளைத் தேடிப் போனால் ஊர் சிரிக்கும். ஆகவே முக்கால் பழமாக, புளிப்பு விடாத சப்பட்டை மாம்பழமாகப் பார்த்து நறுக்கி, சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து அடைத்தேன்.

சுருட்டிக் கட்ட நூல் வேண்டும். நைலான் உருகிவிடும்; பருத்திதான் சரி. நூற்பாலைகள் நிறைந்த ஊரில் அவசரத்துக்கு நூல் அகப்படவில்லை. அகப்பட்டது சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி, பிரிக்காத புதுச் சுருள். கிழித்து முறுக்கிக் கட்டி முடித்ததும், ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த நோயாளி போலக் கறி படுத்திருந்தது. எட்டிப் பார்த்த பெரியம்மா, "தையல் எப்ப பிரிப்பாக?" என்று கேட்டாள்.

நேர் தணலில் வைத்தால் மாம்பழத்துச் சர்க்கரை ஒழுகிக் கருகும். மேலே கரி, உள்ளே பச்சை. எனவே தணலை ஒருபக்கம் ஒதுக்கி, கறியை மறுபக்கம் வைத்து மூடினேன். அடிக்கடி திறந்தால் சூடு போய்விடும். எங்கள் வீட்டிலோ மூடி என்று ஒன்று இருந்தால் அது திறந்து பார்ப்பதற்குத்தான்.

நாடாப்புழு பயம் இருப்பதால், பழம் இருக்கும் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும் என்றேன். அத்தை ஓடிப்போய்க் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரைக் கொண்டுவந்தாள். அது 42-ஓடு நின்றுவிடும்; அதற்கு மேல் மனிதனும் நிற்கமாட்டான். பேக்கரியில் கம்பி தெர்மாமீட்டர் இரவல் வாங்க ஆள் அனுப்பினேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியரான சித்தப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "கண்ணப்ப நாயனார் எந்த மீட்டர் வச்சிருந்தாரு? பன்றிக்கறியைத் தீயில வாட்டி, மென்னு பாத்துப் பதம் கண்டு, தேன் கலந்து படைச்சாரு. நீ புதுசா என்னத்தச் செஞ்சுட்ட?" அங்கிருந்து பெரும்பாணாற்றுப்படைக்குப் போனார், பன்றியைக் குழியில் நிறுத்தி நெல்மா ஊட்டிக் கொழுக்க வைத்த கதை. சொல்லிக்கொண்டே வெந்த ஓரமாகக் கிள்ளிக் கிள்ளிப் பதம் பார்த்தார். கண்ணப்பர் ருசி பார்த்தபின் சாமிக்குக் கொடுத்தார்; சித்தப்பாவுக்கு அந்தக் கட்டம் மட்டும் மறந்துபோயிற்று.

எங்கள் வெள்ளையன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். 2005-இல் தபால்தலை ஏறிய ராஜபாளையம் நாய் இனம். பாட்டன் பூட்டனெல்லாம் காட்டுப்பன்றியை மடக்கியவர்கள். 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தபின் அந்த வேலைக்கு வழியில்லை. இப்போது பன்றியே வீடு தேடி வந்து, வெந்தும் கொடுக்கிறது. பரம்பரைத் தொழில் இவ்வளவு சுலபமானதில் அவனுக்கு ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை.

இரவல் தெர்மாமீட்டர் 74 காட்டியதும் கட்டைப் பிரித்து, சற்று ஆறவிட்டு வில்லை வில்லையாக அரிந்தேன். வெளுத்த கறி வளையத்துக்கு நடுவே மஞ்சள் மாம்பழம். சாறு வாழையிலையில் ஓடியது. பத்து நிமிஷத்தில் இலை காலி. தீர்ப்பு பெரியம்மாவுடையது: "கறி நல்லாத்தான்யா இருக்கு. ஆனா சப்பட்டையப் போயி யாராச்சும் சுடுவாகளா? பழமாத் தின்னா என்ன கொறஞ்சு போச்சு?"

சித்தப்பா, அத்தை எல்லோரும் தலையாட்டினார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவும் "அதான!" என்றாள். பன்றிக்கு வக்காலத்து வாங்க ஒரு மாதமாகத் தயார் செய்து வைத்திருந்த பதில்கள் எதுவும் பயன்படவில்லை. எங்கள் ஊரில் கறி என்ன கறியானாலும் விட்டுவிடுவார்கள். மாம்பழத்தில் கைவைத்தால்தான் பஞ்சாயத்து.

ஸ்ரீவில்லிபுத்தூர் மாமா இதையெல்லாம் கேட்டபடி, கொண்டுவந்த பால்கோவாப் பெட்டியை மெல்ல மடிக்கு நகர்த்திக்கொண்டார். "மாப்ளே, இது 2019-லயே புவிசார் குறியீடு வாங்குனது. எதுக்குள்ளயாவது அடைச்சேன்னா, கேசு போடுவோம்."