விலக்கு மறுக்கப்பட்ட வீட்டுக்காரன்

கலிஃபோர்னியா மாநிலத்துக்கு என்மேல் இருக்கும் நம்பிக்கையில் கால்வாசி கூட என் வீட்டில் யாருக்கும் இல்லை. நான் குடியிருக்கும் என் சொந்த வீட்டில் நானே குழாய் மாற்றலாம், ஒயர் இழுக்கலாம், சுவரை இடிக்கலாம். நகராட்சியில் பெர்மிட் வாங்கி, இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துத் தலையாட்டினால் போதும். 'இதற்கு முன் ஸ்பேனரைக் கையால் தொட்டிருக்கிறீரா?' என்று ஒருவரும் கேட்கமாட்டார். வீட்டுச் சொந்தக்காரருக்கான விலக்கு என்று இதற்குப் பெயர். இதே வேலையைக் காசு வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டில் செய்யப் போனால்தான் சட்டம் விழித்துக்கொள்கிறது.

அப்படி விழித்துக்கொள்வதற்கென்றே சாக்ரமென்டோவில் ஒரு கான்ட்ராக்டர் லைசென்ஸ் வாரியம் இருக்கிறது, 1929-இல் தொடங்கியது. குழாய் வேலைக்கு சி-36, மின்சார வேலைக்கு சி-10, பெயின்ட் அடிக்க சி-33, டைல்ஸ் ஒட்ட சி-54, நீச்சல்குளம் கட்ட சி-53 என்று நம் ஊர் பஸ் நம்பர் மாதிரி தொழிலுக்கு ஒரு எண். லைசென்ஸ் வேண்டுமானால் கடந்த 10 வருடத்துக்குள் 4 வருடம் அந்தத் தொழிலில் முழுநேரமாக உழைத்திருக்க வேண்டும். எடுபிடியாகக் கூட நின்றது கணக்கில் வராது. ஆள் துணையில்லாமல் வேலையை முடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதை நேரில் கண்ட ஒருவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். படித்தவர்களுக்குத் தள்ளுபடி உண்டு, ஆனால் 3 வருடத்துக்கு மேல் கிடையாது. எத்தனை பட்டம் வாங்கியிருந்தாலும் ஒரு வருடமாவது கையில் அழுக்குப் பட்டாக வேண்டும். பிறகு தொழிலில் ஒரு பரீட்சை, சட்டத்தில் ஒரு பரீட்சை, கைரேகை, 25,000 டாலருக்கு ஒரு பாண்டு. ஆஸ்பெஸ்டாஸ் பற்றிப் புத்தகத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டே எழுதுகிற பரீட்சை ஒன்றும் இருக்கிறது. நான் தேறக்கூடியது அது மட்டும்தான்.

எங்கள் ஃப்ரீமான்ட் வீட்டுக் கராஜில் நிற்கும் வாட்டர் ஹீட்டர் அடிப்பக்கம் துருப்பிடித்துக் கசியத் தொடங்கியதும் எனக்குள் ஒரு கம்பீரம் வந்தது. ராத்திரி முழுக்க வீடியோ பார்த்துவிட்டு, "நானே மாத்திடறேன்" என்று அறிவித்தேன்.

என் மனைவி ஆடிட்டிங்கில் இருப்பவள். நான் வீடியோ பார்த்த அதே ராத்திரியில் அவள் சட்டத்தைப் படித்து முடித்திருந்தாள்.

"கவர்மென்ட் உங்களுக்கு விலக்கு கொடுத்திருக்கு, சரி. நான் கொடுக்கலையே?"

விண்ணப்பத்தை மறுத்தால் வாரியம் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது விதி. எனக்கு வாட்ஸாப்பில் வந்தது. முதல் காரணம், பூஜை அலமாரி. நான் சுவரில் மாட்டிய அந்தப் பலகையில் பிள்ளையார் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வார இறுதிக்குள் முருகன் மேல் சாய்ந்துவிடுகிறார். நான் அதைச் சகோதர பாசம் என்கிறேன். அவள் மட்டப்பலகை வைத்துப் பார்க்காத பாவம் என்கிறாள். இரண்டாவது காரணம், குளியலறை ஸ்விட்ச்: அதைப் போட்டால் உள்ளே விசிறி சுற்றும், கூடவே வராந்தா விளக்கும் எரியும். யார் குளிக்கப் போயிருக்கிறார்கள் என்பது தெருவுக்கே தெரிகிறது என்று அதற்கு அடிக்குறிப்பு. மூன்றாவதுதான் கனமானது. இது பூகம்ப பூமி. ஹீட்டரை மேல் மூன்றில் ஒரு பாகத்தில் ஒன்று, கீழ் மூன்றில் ஒரு பாகத்தில் ஒன்று எனப் பட்டை போட்டுச் சுவரோடு கட்ட வேண்டும். கேஸ் இணைப்பு ஒழுகக் கூடாது. அழுத்தம் ஏறினால் திறந்துகொள்ளும் வால்வு சரியாக இருக்க வேண்டும். "பிள்ளையாரையே நிக்க வெக்கத் தெரியலை. நூத்தம்பது லிட்டர் வெந்நீரை நிக்க வெப்பீங்களா?"

சரி, சில்லறை வேலைக்காரர் ஒருவரைக் கூப்பிடலாம் என்றேன். லைசென்ஸ் இல்லாமலும் சின்ன வேலைகள் செய்ய இந்த மாநிலம் இடம் கொடுக்கிறது. நெடுங்காலம் 500 டாலராக இருந்த வரம்பை 2025 ஜனவரி முதல் 1,000 டாலர் ஆக்கிவிட்டார்கள். ஆனால் கூலியும் சாமானும் சேர்த்துத்தான் கணக்கு. பெரிய வேலையைத் துண்டு போட்டு ஏமாற்ற முடியாது. கூட ஆள் வைத்துக்கொள்ளக் கூடாது. பெர்மிட் தேவைப்படும் வேலையாகவும் இருக்கக் கூடாது. வாட்டர் ஹீட்டருக்குப் பெர்மிட் வேண்டும். அந்தக் கதவும் சாத்தியாயிற்று.

லைசென்ஸ் இல்லாமல் பெரிய வேலை எடுப்பவர்களைப் பிடிக்க, வாரியத்தின் ஆட்களே ஒரு வீட்டில் வீட்டுக்காரர் வேஷத்தில் உட்கார்ந்துகொண்டு விலை கேட்டு அழைப்பார்களாம். வீட்டுக்காரராக நடிப்பவருக்கு அரசாங்கச் சம்பளம்; அசல் வீட்டுக்காரனுக்கு மாதா மாதம் கடன் தவணை.

இங்கேதான் எனக்கு ஒரு சபலம் தட்டியது. லைசென்ஸ் இல்லாதவர் செய்த வேலைக்குக் கூலி கேட்டு வழக்குப் போட முடியாது. கொடுத்த காசைக்கூட வீட்டுக்காரர் திருப்பிக் கேட்கலாம். வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அப்படித்தான். பாம் ஸ்பிரிங்ஸ் பாலைவனத்தில் அலையடிக்கும் குளம் ஒன்றுக்காக நியூயார்க் நிறுவனம் ஒன்று வேலை செய்துவிட்டுப் பாக்கியைக் கேட்டு வழக்காடியது. 'எங்களை ஏமாற்றி வேலை வாங்கினார்கள்' என்றும் முறையிட்டது. லைசென்ஸ் இல்லாதவருக்கு அந்த வாதமும் செல்லாது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1991-இல் சொல்லிவிட்டது.

"அப்போ ஹீட்டர் இலவசமா?" என்றேன், கண்கள் விரிய.

"அந்தாளுக்குக் கராஜ்ல கால் உடைஞ்சா நீங்கதான் முதலாளின்னு சட்டம் சொல்லும். ஆஸ்பத்திரி பில்லும் இலவசமா?"

மறுக்கப்பட்டவருக்கு இங்கே மேல்முறையீடு உண்டு. நோட்டீஸ் வந்த 60 நாளுக்குள் எழுதிக் கேட்டால், வாரியத்தைச் சேராத நிர்வாகச் சட்ட நீதிபதி ஒருவர் விசாரிப்பார். எங்கள் வீட்டு மேல்முறையீடு கும்பகோணத்துக்குப் போகும். மாமனார் பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மகளைச் சேராதவர் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் வேறு நீதிமன்றம் ஏது? இங்கே ராத்திரி சாப்பாடு முடிந்து, அங்கே காலை இட்லி முடிந்த நேரமாகப் பார்த்து வாட்ஸாப்பில் விசாரணை.

என் தரப்பை நன்றாகத்தான் வைத்தேன். சொந்த வீட்டில் செய்த வேலையைக்கூட அனுபவமாகக் காட்டி இங்கே லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம் என்று எடுத்துச் சொன்னேன்.

"அது சரி மாப்பிள்ளே, செஞ்ச வேலைக்கு எம்-புக் எங்க?"

அளவுப் புத்தகம் எழுதாத வேலை அவரைப் பொறுத்தவரை நடக்காத வேலை. நான் விழித்தேன். மனைவி போனைத் திருப்பிப் பூஜை அலமாரியைக் காட்டினாள். மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "சைட் இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சுது" என்றார்.

தீர்ப்பு இப்படி வந்தது: ஹீட்டருக்கு விலக்கு இல்லை. பல்பு மாற்றலாம், திருகு முடுக்கலாம், ஏணி கூடாது. ஏணி விஷயம் மனைவியின் திருத்தம். ஆள் வைத்துக்கொள்ளாத கான்ட்ராக்டர்கள் பலருக்குத் தொழிலாளர் காப்பீட்டிலிருந்து இங்கே விலக்கு உண்டு. உயரத்தில் ஏறும் கூரை வேலைக்காரர் தனி ஆளானாலும் அந்த விலக்கு கிடையாது என்பதையும் அவள் படித்துவைத்திருந்தாள். கூடவே மாமனார் ஒரு நிபந்தனை போட்டார். இனி எந்த வேலைக்கு மனு போட்டாலும், டெண்டர் போடுபவர் கட்டும் முன்வைப்புத் தொகை மாதிரி, ஈ.எம்.டி. கட்ட வேண்டும். ரொக்கம் வேண்டாம், என் டிரில் மெஷின் போதும்.

ஹீட்டரை மாற்ற சி-36 வைத்திருப்பவர் வந்தார். மனைவி அவருடைய லைசென்ஸ் எண்ணை வாரியத்தில் சரிபார்த்தாள். முன்பணமாக 10 சதவீதமோ 1,000 டாலரோ, இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் அவர் கேட்கக் கூடாது என்ற விதியைப் படித்துவிட்டுக் கொஞ்சம் ஏமாற்றத்தோடு நின்றாள், அவர் முன்பணமே கேட்காததால். நான் டார்ச் பிடித்தேன். நன்றாகவே பிடித்தேன். ஆனால் எடுபிடி வேலை அனுபவத்தில் சேராது.

டிரில் மெஷின் இன்னும் பீரோவுக்குள்தான் இருக்கிறது. டெண்டர் கிடைக்காதவருக்கு ஈ.எம்.டி.யைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டுமே என்று போன வாரம் கும்பகோணத்தைக் கேட்டேன்.

"விதி அதுதான் மாப்பிள்ளே. நான் எழுதி அனுப்பிட்டேன்" என்றார் மாமனார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஃபைல் உங்க மாமியார் டேபிள்ல இருக்கு."