பாதிப் பிணம் உனக்கு, பாதி எனக்கு

'தி பிரிட்ஜ்' (2011) தொடரில் டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் நடுவே, ஓரெசுண்ட் பாலத்தில், சரியாக எல்லைக்கோட்டின் மேல் ஒரு பிணம் கிடக்கிறது. இரு நாட்டுப் போலீசும் அவரவர் மொழியிலேயே பேசித் துப்புத் துலக்குகிறார்கள்.

இதைப் பார்க்கும் கொடைக்கானல் ரசிகர்களுக்கு மொழி ஒரு பொருட்டே இல்லை. மலையாளமும் தமிழும் கலந்த 'மஞ்சும்மல் பாய்ஸ்' 2024இல் டப்பிங் இல்லாமலே தமிழ்நாட்டில் ஓடு ஓடென்று ஓடியதே! அவர்களின் மனக்குறை வேறு. "உதவி கேட்டு வந்தவனுக்கு முதல்ல நாலு சாத்து விழணுமே? இதென்ன போலீசு!" என்கிறார் ஒருவர். கொடைக்கானலில் நடக்கும் 'மஞ்சும்மல் பாய்ஸ்' கற்பித்த இலக்கணம் அது. விடுதிக்காரருக்கோ, "பாலத்தை அடைச்சுட்டாங்க, சரி. மாட்டிக்கிட்டவங்களுக்கு ரூம் வாடகை எவ்வளவுன்னு சொல்லவே இல்லையே?"

நம்மூரிலும் எடுக்கலாம்தான். பேரிஜம் வழியாக மூணாறு பக்கம் போகும் பழைய எஸ்கேப் ரோடு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் வந்தால் தப்பி ஓட வெள்ளைக்காரன் வைத்திருந்த வழி. இப்போது மூடிக் கிடக்கிறது. எல்லையில் பிணம் கிடந்தால் தமிழ்நாட்டுப் போலீசும் கேரளப் போலீசும் மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டாம். பேரிஜத்துக்கே வனத்துறை அனுமதி வேண்டும் என்பதால் சீட்டுக்கு வரிசையில் நிற்கலாம்.

கதாசிரியருக்கு ஒரே சிக்கல்: 2024 மே 7 முதல் மலையேற இ-பாஸ் கட்டாயம். கொலைகாரன் வெளியூர்க்காரன் என்றால் வண்டி எண்ணோடு பதிந்துவிட்டுத்தான் வரவேண்டும். முதல் எபிசோடிலேயே கதை முடிந்துவிடும்.