பேயின் அடுப்பங்கரை

1966இல் வந்த 'யார் நீ?' படத்தில் ஜெயலலிதா வெள்ளைச் சேலையில் பாடிக்கொண்டே திரிந்தார். கடைசியில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. எல்லாம் சொத்துக்காக மனிதர்கள் போட்ட நாடகம். கதையை மறந்தவர்களுக்கும் அவருக்குப் பின்னணி பாடிய சுசீலாவின் குரல் மட்டும் இருட்டில் கேட்கும்.

இயக்குநர் விட்டலாச்சார்யாவிடம் இந்தச் சமாளிப்பெல்லாம் கிடையாது. 1978இன் 'ஜகன்மோகினி'யில் பேய் தன் காலையே விறகாக அடுப்பில் வைத்துச் சமைத்தது. விறகு விலை தெரிந்த குடும்பப் பேய்! அட்டைத் தந்திரம் என்று இன்று சிரிக்கிறோம். சரி, கோடிகளைக் கொட்டிச் செய்த கிராஃபிக்ஸ் பேய்களில் ஒன்றின் முகமாவது நினைவிருக்கிறதா? அந்த அடுப்பு நினைவிருக்கிறது. நம் வீட்டுச் சாமானில் கைவைக்கும் பேயைக் கண்டால்தான் நமக்கு வயிறு கலங்குகிறது.

'யாவரும் நலம்' (2009) இதைப் புரிந்துகொண்டு பேயை டிவி சீரியலுக்குள் அனுப்பியது. தினமும் சீரியல் ஓடும் வீடுகளுக்கு அதில் புதுச் செய்தி ஒன்றுமில்லை.

பிறகு 'காஞ்சனா', 'அரண்மனை' வகையறாக்கள். பேய்க்கு ஃபிளாஷ்பேக், நியாயமான கோரிக்கை, அடுத்த பாகத்தில் வேலை உத்தரவாதம். 2024இல் 'அரண்மனை' நான்காம் பாகத்தைத் தொட்டுவிட்டது. இத்தனை சாவுக்குப் பிறகும் இந்தப் படங்களின் பங்களாக்களுக்கு ஆட்கள் குடிவருகிறார்களே, அதுதான் எனக்குத் திகில். வெளியே வாடகை அப்படி.